கரியில் ஓடிய பஸ்

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்னா போதும், டிவிஎஸ் என்று எழுதின வண்டி ஒன்றாவது நம்மைக் கடந்து போகும். பின்னால் பால் கேன் கட்டின எக்ஸ்எல், காலேஜ் பசங்களோட அப்பாச்சி, இப்போ கொஞ்ச நாளா சத்தமே இல்லாமல் வந்து பக்கத்தில் நிற்கும் ஐக்யூப். அந்த மூன்று எழுத்தில் முதல் எழுத்து ஓர் ஊரோட பெயர், கடைசி எழுத்து ஒரு மனுஷரோட பெயர். ஊர் திருக்குறுங்குடி. மனுஷர் சுந்தரம் அய்யங்கார்.

பெட்ரோல் வண்டியிலிருந்து மின்சார வண்டிக்கு மாறுவது பற்றி கேண்டீனில் தினமும் ஒரு சண்டை நடக்குது. ரேஞ்ச் போதுமா, பேட்டரி எத்தனை வருஷம் வரும், சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வந்தவங்க எங்கே சார்ஜ் போடுவாங்க என்று. எல்லாம் புதுக் கேள்விகள் மாதிரி இருக்கு. ஆனால் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் 1912-லிருந்து 1945-க்குள் இப்படி மூன்று மாற்றங்களைப் பார்த்துவிட்டார். மாட்டிலிருந்து பெட்ரோலுக்கு, பெட்ரோலிலிருந்து கரிக்கு, கரியிலிருந்து திரும்பவும் பெட்ரோலுக்கு. அதனால்தான் இந்த இதழில் அவர் கதை.

மலையடிவாரத்து ஊர்

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம், களக்காடு என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தைப் பிடிச்சே தெற்கே போனால் திருக்குறுங்குடி வரும். நம்பி கோயில் ஊர், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இப்போது அது திருநெல்வேலி மாவட்டம், நாம் தென்காசி மாவட்டம். 2019-ல் பிரிக்கிற வரைக்கும் எல்லாம் ஒரே நெல்லைச் சீமைதான்.

அங்கே 1877 மார்ச் 22-ல் சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். வக்கீலாகத் தொடங்கி, பிறகு ரயில்வேயில் வேலை பார்த்து, அதன்பிறகு வங்கிக்குப் போனார். அந்தக் காலத்தில் ரயில்வே உத்தியோகமும் வங்கி உத்தியோகமும் என்ன மரியாதை என்று நம்ம தாத்தாக்களைக் கேட்டால் தெரியும். இன்றைக்கு கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வாங்கின மாதிரி. அதையெல்லாம் விட்டுவிட்டு, கிட்டத்தட்ட 34 வயதில், 1911-ல் சொந்தத் தொழிலுக்கு வந்தார். குடும்பம், குழந்தைகள் எல்லாம் இருந்த வயது அது. சும்மா ஒரு ஸ்டார்ட்அப் முயற்சி பண்ணிப் பார்ப்போம் என்கிற வயது இல்லை.

1912: தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு

1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே அவரோட மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்தது. ஏன் அந்த ரூட்? மேப்பைப் பார்த்தால் புரியும். தஞ்சாவூரில் ரயில் இருந்தது. புதுக்கோட்டை தனி சமஸ்தானம், அங்கே ரயில் வந்ததே 1929-ல்தான். ரயில் விட்ட இடத்திலிருந்து ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான் இருந்தன. ரயில்வேயில் வேலை பார்த்த மனுஷருக்கு அந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்கும்.

இன்றைக்கு ஒரு பஸ் ஓட்ட என்ன வேண்டும் என்று கேட்டால் பஸ், டிரைவர், டீசல் என்போம். 1912-ல் அது போதாது. பெட்ரோல் பங்க் கிடையாது, பெட்ரோல் தகர டின்களில் அடைத்து வரும். ரோடு கப்பி ரோடு. ஸ்பேர் பார்ட் கப்பலில் வரணும், பல வாரம் ஆகும். இன்ஜினை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ரிப்பேர் தெரிந்த ஆள் ஊரில் இல்லை, ஐடிஐ என்கிற சொல்லே பிறக்கவில்லை. இந்த நிலைமையில்தான் ஒருத்தர் நேரத்துக்கு பஸ் விடுவேன் என்று இறங்கினார். அவரோட பஸ்ஸைப் பார்த்து ஜனங்க கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று இன்றும் ஒரு கதை சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் பேர் எதற்காக நின்றது என்று அது காட்டுது. வேகத்துக்காக இல்லை, நேரம் தவறாததுக்காக.

அதே 1912-ல் உலகத்தின் இன்னொரு பக்கம் நடந்ததையும் சொல்லியாகணும். 1900 வாக்கில் அமெரிக்க ரோடுகளில் ஓடிய வண்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்சார வண்டி. புகை இல்லை, கியர் இல்லை, ஹேண்டில் சுத்த வேண்டாம். பெட்ரோல் காருக்கு இருந்த பெரிய தொல்லையே அந்த ஹேண்டில்தான், சில நேரம் திருப்பி அடித்துக் கையை ஒடிக்கும். சார்லஸ் கெட்டரிங் என்கிற இன்ஜினியர் அதற்கு ஒரு மின்சார ஸ்டார்ட்டர் பண்ணினார். 1912 மாடல் காடிலாக் காரில் அது வந்தது. ஒரு சின்ன பேட்டரியும் ஒரு சின்ன மோட்டாரும் பெட்ரோல் காருக்குள் போய் உட்கார்ந்து, முழு மின்சாரக் காரைச் சந்தையிலிருந்து வெளியே தள்ளின. ஃபோர்டோட மலிவு விலையும் பெட்ரோல் எங்கும் கிடைத்ததும் மிச்சத்தை முடித்துவிட்டன. ஆக, நம்ம ஊரில் பெட்ரோல் பஸ் கிளம்பின அதே வருஷம்தான் அங்கே மின்சாரக் காருக்கு இறங்குமுகம் தொடங்கியது.

பஸ்ஸுக்குப் பின்னால் இருந்த கடை

தொழில் பிறகு மதுரையை மையமாக வைத்து வளர்ந்தது. வளர்ந்த விதத்தைப் பாருங்க. பஸ் ஓட்டினவர் பஸ் ஓட்டுவதோடு நிற்கவில்லை. சொந்த ஒர்க்‌ஷாப், ஸ்பேர் பார்ட் வியாபாரம், வண்டி விற்பனை என்று போனார். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் கார் பூட்டும் ஆலை தொடங்கியது. அந்த வண்டிகளைத் தெற்கே விற்ற பெரிய விநியோகஸ்தர்களில் இவர் நிறுவனமும் ஒன்று. சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று தனித்தனிக் கம்பெனிகளும் வந்தன. பிள்ளைகளும் தொழிலுக்கு வந்தார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கு. ஒரு வண்டியை விற்பது ஒரு நாள் வேலை. அதை பத்து வருஷம் ஓட வைப்பதுதான் மிச்ச வேலை எல்லாம். சுந்தரம் அய்யங்கார் முதலில் வண்டியை ஓட்டினவர், பிறகுதான் விற்றவர். அதனால் வண்டி எங்கே நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியும். இது அவர் வாழ்க்கையில் சும்மா ஒரு தகவல் இல்லை. போர் வந்தபோது இதுதான் அவரைக் காப்பாற்றியது.

வீட்டுக்குள்ளும் ஒரு மாற்றம்

தொழிலை மட்டும் சொல்லிப் போனால் மனுஷரைப் பாதிதான் சொன்ன மாதிரி இருக்கும். அவரோட மகள் சௌந்தரம். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். டாக்டரான கணவர் 1925-ல் இறந்துபோனார். விதவையான பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைக்கிற காலம் அது. அப்பாவும் அம்மாவும் அப்படிச் செய்யவில்லை, படிக்க அனுப்பினார்கள். சௌந்தரம் டெல்லி லேடி ஹார்டிங்கில் மருத்துவம் படித்து டாக்டர் ஆனார்.

ஆனால் அங்கேயே அவர் காந்தியத் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை விரும்பி மறுமணம் செய்ய நினைத்தபோது, அதே பெற்றோர் சம்மதிக்கவில்லை. சாதி வேறு, மொழி வேறு, விதவை மறுமணம் வேறு. கடைசியில் காந்தியோட ஆசியில் 1940-ல் கல்யாணம் நடந்தது. அந்தத் தம்பதிதான் 1947-ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். இன்றைக்கு அது ஒரு பல்கலைக்கழகமாக இருக்கு. ஊரே தயங்கின மோட்டாரில் துணிந்து இறங்கின மனுஷர், மகள் விஷயத்தில் பாதி வழி வரைக்கும்தான் வந்தார். பெரிய மனுஷர் கதை என்று இதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

பெட்ரோல் இல்லாத வருஷங்கள்

இரண்டாம் உலகப்போர். 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது, பின்வாங்கின பிரிட்டிஷ்காரங்களே யேனாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறுகளை அழித்துவிட்டுப் போனார்கள். மலேயாவும் போனது, அதோடு ரப்பரும் போனது. ஒரே அடியில் பஸ் முதலாளிக்குப் பெட்ரோலும் இல்லை, டயரும் இல்லை. கிடைத்ததும் முதலில் ராணுவத்துக்கு.

நிறைய பேர் பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தினார்கள். சுந்தரம் அய்யங்காரோட நிறுவனம் இரண்டு வேலை செய்தது. தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெடிங் தொழிலில் இறங்கியது. இன்னொன்று, டிவிஎஸ் கேஸ் பிளான்ட். பஸ்ஸின் பின்னால் பூட்டுகிற ஒரு கரி அடுப்பு. பெட்ரோல் இன்ஜின் அதே இன்ஜின்தான், சாப்பாடு மட்டும் வேறு. கரி பஸ் என்று ஊரில் பெயர் வைத்துவிட்டார்கள்.

இது எப்படி ஓடுது என்று நம்ம மாதிரி ஆளுங்களுக்குச் சொல்லாமல் விட முடியாது. ஒரு உயரமான இரும்பு உருளை, அதில் மரக்கரி. அடியில் தீ. ஆனால் காற்றை முழுசா விடமாட்டார்கள். குறைந்த காற்றில் கரி எரிந்து முதலில் கார்பன் டை ஆக்சைடு ஆகும். அது சிவக்கக் கனியும் கரி அடுக்கு வழியா மேலும் போகும்போது கார்பன் மோனாக்சைடு ஆகும். கொஞ்சம் நீராவி சேர்ந்தால் ஹைட்ரஜனும் வரும். இரண்டும் எரியும் வாயு. அதைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் விடணும். கிளம்புவதற்கு முன்னால் கிளீனர் பையன் பின்னால் நின்று ஊதுகுழல் விசிறியைக் கையால் சுத்துவான். கனல் பிடிக்கச் சில நிமிஷம் ஆகும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். ஒரு கிலோ மரக்கரியில் சுமார் 29. வாயுவாக மாற்றும்போது கால்வாசி வெப்பம் வீணாகுது என்று வைத்தால் மிச்சம் 22 வரும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலைக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ கரி. கேட்க மோசமில்லை. பிரச்சினை சிலிண்டருக்குள். பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்த ஒரு கனமீட்டரில் 3.8 மெகாஜூல் இருக்கும். கரி வாயுவும் காற்றும் கலந்தால் 2.5 தான், ஏன்னா அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதே சிலிண்டர், அதே வேகம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு சக்தி காணாமல் போகுது. 60 குதிரைத்திறன் இன்ஜின் 40-க்கு இறங்கிவிடும். சமவெளியில் சமாளிக்கலாம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றம் மாதிரி ஒரு பாதையில் ஆள் நிரம்பின பஸ் என்ன பாடுபடும் என்று யோசிச்சுப் பாருங்க.

இதோடு மிச்சத் தொல்லைகள். வடிகட்டியைத் தினம் சுத்தம் பண்ணணும், இல்லாட்டி சாம்பல் போய் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். மூடின ஷெட்டுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். இதற்கெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் வேணும், மாற்ற பாகம் வேணும், பழுது பார்க்க ஒர்க்‌ஷாப் வேணும். அவரிடம் அந்த மூன்றும் ஏற்கெனவே இருந்தன. கரி வாயுவை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஐரோப்பாவில் இம்பெர்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் 1920-களிலேயே விறகு வாயு வண்டியை நன்றாக வளர்த்திருந்தார், போர்க்காலத்தில் ஸ்வீடனில் மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல் வண்டிகள் அப்படி ஓடின. இவர் செய்தது, இங்கே கிடைக்கிற பொருளில், இங்கே இருக்கிற மெக்கானிக் கையில் ஓடுகிற மாதிரி அதைக் கொண்டுவந்தது. அதனால் சந்தைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் போர் நடுவிலும் பஸ் ஏற முடிந்தது.

ஏன் திரும்பிப் போனோம்

போர் முடிந்தது, பெட்ரோல் வந்தது, கரி அடுப்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. யாரும் அழவில்லை. கட்டாயத்தால் வந்த மாற்றம் கட்டாயம் போனதும் போயிற்று, ஏன்னா ஓட்டுகிறவனுக்கு அது பெட்ரோலைவிட எந்த விதத்திலும் சுகமாக இல்லை.

சுந்தரம் அய்யங்கார் அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார். தொழில் பிள்ளைகள் கைக்குப் போனது. 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் 78 வயதில் இறந்தார். அவர் போனபிறகு 1960-களில் பிள்ளைகள் வண்டிப் பாகங்களைச் செய்யவே தொடங்கினார்கள்: சக்கரம், பிரேக், மின் பாகங்கள், போல்ட் நட்டு. 1972-ல் அரசு பஸ்களை நாட்டுடைமை ஆக்கியபோது குடும்பத்தோட பஸ் கம்பெனி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆனது. நம்ம அப்பா அம்மா காலேஜுக்குப் போன கட்டபொம்மன் பஸ், அந்தப் பாண்டியனிலிருந்து பிரிந்து வந்த பிள்ளை. முதன்முதலில் தொடங்கின பஸ் தொழில் கையைவிட்டுப் போயும் குடும்பத் தொழில் விழவில்லை. பாகமும் பழுதுபார்ப்பும் மிச்சம் இருந்தது. 1980-ல் டிவிஎஸ் 50 மொபட், 2020-ல் மின்சார ஐக்யூப் எல்லாம் அதன் மேல் வந்தவைதான்.

நம்ம கணக்கு

கரி பஸ்ஸோடு மின்சார வண்டியை அப்படியே ஒப்பிடக் கூடாது. கரி சக்தியைக் குறைத்தது. மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை தரும், ஏற்றத்தில் பெட்ரோலைவிட நன்றாகவே போகும். கரியைத் தேடி அலையணும். மின்சாரம் வீட்டுச் சுவரிலேயே இருக்கு. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே மாதங்களில், செங்கோட்டைக் கணவாய் வழியா வருகிற காற்றில்தான் சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளும் வேகமாகச் சுத்துது. எரிபொருள் நம்ம தலைக்கு மேலேயே போகுது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலையும் திறந்தாச்சு. அதனால் இந்த மாற்றம் கரி மாதிரி திரும்பிப் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவர் வாழ்க்கையில் இருந்து ஒரு கேள்வி நம்மகிட்ட வந்து நிற்குது. வண்டி நின்றுபோனால் யார் பார்ப்பார்கள்? தென்காசியிலும் செங்கோட்டையிலும் கடையநல்லூரிலும் எத்தனையோ மெக்கானிக் கடைகள். கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிபண்ணுகிற கைகள். மின்சார ஸ்கூட்டரில் கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை, இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டாம். டயர், பிரேக், பேரிங், சஸ்பென்ஷன் அப்படியே இருக்கு. புதுசா இருப்பது பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார், வயரிங். அதைத் தொடத் தெரியாவிட்டால் வண்டியை வேனில் ஏற்றி பெரிய ஊருக்கு அனுப்பணும், கஸ்டமர் வாரக்கணக்கில் காத்திருக்கணும், இங்கே கடை மூடணும். நம்ம கிளாஸிலேயே அப்பா மெக்கானிக் என்று சொல்கிறவர்கள் இருக்காங்க. அவங்க வீட்டுச் சாப்பாடு இது.

1940-களில் பெட்ரோல் மெக்கானிக்குக் கரி அடுப்பைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது. அதனால்தான் அந்த மாற்றத்தில் அந்த மெக்கானிக் தூக்கி எறியப்படவில்லை. இப்போது அந்த வேலையை யார் செய்வது? நம்மகிட்ட லேப் இருக்கு, மல்டிமீட்டர் இருக்கு, போன வருஷ சீனியர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போன ஒரு ஹப் மோட்டார்கூட இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு சோலார் சைக்கிள் செய்து ஷெட்டில் போடுவதற்குப் பதிலா, ஒரு சீசன் முடிந்த பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை ஊர் மெக்கானிக்குகளை லேப்புக்குக் கூப்பிடலாம். பேட்டரியில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, மோட்டார் ஃபேஸ் வயரில் எங்கே அளக்கணும் என்று நாம் காட்டலாம். பத்து நிமிஷத்தில் வீல் பேரிங் மாற்றுவது எப்படி என்று அவங்க நமக்குக் காட்டுவாங்க, அது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ இரண்டு டிபார்ட்மெண்ட்டிலும் சேர விருப்பமுள்ளவர்கள் இதழ்க் குழுவிடம் பெயர் கொடுங்க. எட்டுப் பேர் சேர்ந்தால் எச்ஓடியிடம் போய்க் கேட்கலாம்.